நாற்காலி போட்ட இடம்

வேலை கிரான்பெரியில்.
பெயரில் பழம் இருக்கிறது, ஊரில் இல்லை.
ஆறு வழிச் சாலை, ஓரத்தில் ஒரு வங்கி,
வங்கிக்குப் பக்கத்தில் இன்னொரு வங்கி,
அதற்கும் பின்னால்
வால்வுகளைச் சோதிக்கும் எங்கள் கம்பெனி.
சேர வேண்டிய நாள் ஜனவரி ஒன்பது.

"எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம்" என்றாள்
மனிதவளத் துறை லொரெட்டா.
எல்லோரும் என்றால்
கணவன், இரண்டு பிள்ளை, ஒரு நாய்,
புல் வெட்டும் எந்திரம்.
எனக்கு வயது இருபத்துமூன்று.
ஒரு மெத்தை, ஒரு வாணலி,
என்னைவிட மூத்ததுபோல் நடந்துகொள்ளும்
ஒரு கல்விக்கடன்.

முதலில் பார்த்தது அலுவலகத்துக்கு நான்கு நிமிடத்தில்.
காட்டுவதற்கென்றே ஒரு வீடு வைத்திருந்தார்கள்.
கிண்ணத்தில் பிளாஸ்டிக் எலுமிச்சை,
யாரும் படுக்காத கட்டிலில் ஏழு தலையணை.
நீச்சல்குளத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.
"மே மாதம் திறப்போம்."
பால்கனிக்குப் போனேன்.
எதிரே என் அலுவலகம்.
மூன்றாவது மாடியில்
எனக்கென்று சொல்லியிருந்த ஜன்னல்கூடத் தெரிந்தது.
ஞாயிற்றுக்கிழமை காபியோடு இங்கே நின்றால்
திங்கட்கிழமை தெரியும்.

அடுத்தது பிட்ஸ்பர்கில், போலிஷ் ஹில்லில்.
வரைபடத்தில் தெரு என்று போட்டிருந்தது.
போய்ப் பார்த்தால் படிக்கட்டு.
நூற்றுப் பதினொரு படி, கைப்பிடியில் துரு.
காரை மேலே விட்டுவிட்டு இறங்கினால்
சரிவில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற வீடு.
மாடியில் ஒண்டுக் குடித்தனம்.
சாய்ந்த கூரைக்குக் கீழே குளியலறை;
ஷாம்பூ போட்டால் முட்டியை மடக்க வேண்டும்.
வாடகை நூற்று நாற்பது டாலர் குறைவு.
பெட்ரோல் அதை விழுங்கும்,
மிச்சத்தைப் பனிக்கால டயர் விழுங்கும்.

கணக்குப் போட்டேன்.
வாடகைக்கு ஒரு கட்டம், நிமிடங்களுக்கு ஒரு கட்டம்,
காய்ச்சல் வந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு கட்டம்.
கடைசிக் கட்டம் இரண்டு வீட்டுக்கும் காலி.
ஈரியிலிருந்து மேவிஸ் போனில் சிரித்தாள்:
"வாடகைக்குத்தானே எடுக்கிறாய், கல்யாணமா பண்ணுகிறாய்?"

ஜன்னலை அளக்க மறந்திருந்தேன்.
மறுபடி போன அன்று பனி.
மேல்தெருவில் ஆங்காங்கே சுரண்டிய இடங்களில்
சமையலறை நாற்காலிகள் உட்கார்ந்திருந்தன.
ஒரு மஞ்சள் நாற்காலி, ஒரு மடக்கு நாற்காலி,
ஒன்றுக்குக் குழந்தைகளின் பெல்ட்.
சட்டமில்லை, பலகையில்லை,
ஆனாலும் ஒருத்தரும் தொடுவதில்லை.
மூன்று சுற்று சுற்றினேன்.
நாலாவது சுற்றில் எனக்குக் கெட்ட வார்த்தை வந்தது.

அப்போது ஒரு பெண் செருப்போடு பனியில் இறங்கி வந்தாள்.
கீழ்வீட்டு ரெஜினா டட்கோ என்று பிறகு தெரியும்.
மஞ்சள் நாற்காலியைத் தூக்கி
இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையைப்போல.
"பத்து நிமிடம். அடுப்பில் பாஸ்தா இருக்கு."

ஜன்னலை அளந்தேன், அவசரத்தில் தப்பாக.
ஒன்பதாம் நிமிடம் இறங்கி ஓடி வந்தேன்.
நான் காரை எடுத்ததும்
அதே இடத்தில் நாற்காலியை வைத்துவிட்டு
திரும்பிப் பார்க்காமல் போனாள்.

கையெழுத்துப் போட்டேன்.
காரணம் கேட்ட மேவிஸிடம் வாடகை என்று சொன்னேன்.

இப்போது மார்ச்.
ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கிறேன்.
ஊரே நகரத்துக்கு வரும் நேரத்தில்
நான் மட்டும் எதிர்த்திசையில்;
அத்தனை பேர் முகவிளக்கும் என் கண்ணில்.
போன வாரம் லாரி கவிழ்ந்து சாலையை மூடினார்கள்.
ஒரு மணி நாற்பது நிமிடம்
அந்த நீச்சல்குளத்தை நினைத்துக்கொண்டே இருந்தேன்.
ரெஜினாவும் நானும் அதிகம் பேசியதில்லை.
அவள் டிவி சத்தம் எனக்குக் கேட்கும்,
என் முட்டி சுவரில் இடிப்பது அவளுக்குக் கேட்கும்.

தேவாலயத்தின் அடித்தளத்தில்
நான்கு டாலருக்கு ஒரு நாற்காலி வாங்கினேன்.
ஒரு கால் குட்டை.
வாங்கிய நாளிலிருந்து பனியே பெய்யவில்லை.
ஒப்பந்தம் டிசம்பர் முப்பத்தொன்று வரை.